டீச்சர் கொண்டுவந்த இரண்டு தாள்கள்

எந்த வேலையைக் கொடுத்தாலும் அவர் கேட்கும் முதற் கேள்வி ஒன்றுதான்.

"எவ்வளவு நேரம் போகும் சேர்?"

சலிப்பில் கேட்கிறார் என்று சபையில் பலர் நினைத்தார்கள். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். அவர் மறுப்பதற்காகக் கேட்கவில்லை என்பது பிறகுதான் விளங்கியது. பலிபீடத்துக்குப் பூ வைக்க அரை மணித்தியாலம், நோயாளியைப் பார்த்துவர ஒரு மணித்தியாலம், ஞாயிறு பாடசாலைப் பரீட்சைத் தாள் திருத்த ஒரு பின்னேரம் என்று சொன்னால், அதை அந்த நாளிலிருந்து கழித்துவிட்டு, மிச்சத்தில் எத்தனை பக்கம் எழுதலாம் என்று மனத்துக்குள் பார்த்துக்கொள்வார். மிச்சம் ஒன்றுமே இல்லாவிட்டாலும், "ஓம், வாறன்" என்பார்.

அவருடைய பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. ஊரில் எல்லோருக்கும் அவர் டீச்சர். கல்முனையில் ஒரு பெண்கள் பாடசாலையில் நெடுங்காலம் தமிழ் படிப்பித்தவர். கணவர் இளவயதில் போய்விட்டார். ஒரே மகள் மட்டக்களப்பில் கலியாணம் செய்து குடியிருந்தாள். நான் கணித ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். எங்கள் சிறிய சபைக்கு இருபது வருடத்துக்கு மேல் செயலாளராக இருந்தவன். எங்கள் சபையில் போதகர்கள் சில வருடத்துக்கு ஒருமுறை மாற்றலாகிப் போவார்கள். செயலாளர் போவதில்லை. எந்தச் சாவி எந்தப் பூட்டுக்கு, யாரிடம் எப்படிக் கேட்டால் மறுக்கமாட்டார், இதெல்லாம் அவனுக்குத்தான் தெரியும். நான் செய்ததைச் செய்ய அந்த அறிவு போதுமாக இருந்தது.

டீச்சர் நான்கு புத்தகங்கள் எழுதியிருந்தார். நான்கும் மெல்லியவை. பேருந்தில் கல்முனையில் ஏறி மட்டக்களப்பில் இறங்குவதற்குள் ஒன்றை வாசித்து முடிக்கலாம். அட்டையில் அவர் பெயருக்குக் கீழே எதுவும் இருக்காது. ஆனால் ஊரில் அவரைக் கிறிஸ்தவ எழுத்தாளர் என்றுதான் சொன்னார்கள். அந்தச் சொல்லால் அவருக்கு இரண்டு பக்கமும் இடி. கொழும்பில் ஒரு பத்திரிகைக்காரர், கதையில் கோயில் கூடிப்போய்விட்டது என்று திருப்பி அனுப்பினார். அதே கதையை வாசித்த எங்கள் போதகர், வேதவசனம் போதாது என்றார். ஆராதனை முடிந்து வாசலில் நிற்கும்போது நடந்த பேச்சு அது. நானும் பக்கத்தில் நின்றேன்.

"கடைசியில அவன் மனந்திரும்பத்தானே வேணும் டீச்சர்? நீங்க அதுக்கு முதல் கதைய முடிச்சிட்டீங்களே."

"திரும்பிக்கொண்டுதான் வாறான் ஐயா. இன்னும் வீட்ட வந்து சேரல்ல."

போதகர் சிரித்தார். டீச்சர் சிரிக்கவில்லை. அவர் உண்மையாகவே அந்த மனிதன் எங்கோ வழியில் வந்துகொண்டிருப்பதாக நம்பினார் என்று நினைக்கிறேன்.

அவருடைய புத்தகங்களை அச்சடித்தவர் சாய்ந்தமருதைச் சேர்ந்த ஒரு முஸ்லிம் முதலாளி. கல்முனைப் பிரதான வீதியில் ஒடுங்கிய கடையொன்றில் அச்சகம் வைத்திருந்தார். மாவடிப்பள்ளியில் அவருக்கு வயலும் இருந்தது. வெள்ளாமை வெட்டுக் காலத்தில் அச்சகம் பூட்டிக் கிடக்கும். கலியாண அட்டைக்கு வந்தவர்கள் ஏசிக்கொண்டு போவார்கள். டீச்சரின் புத்தகம் எப்போதும் வெட்டு முடிந்த பிறகுதான் வரும். அதற்குக் காரணம் வயல் மட்டுமல்ல. முதலாளி டீச்சரின் கதைகளை அச்சுப்பிழை பார்க்கிறேன் என்று உட்கார்ந்து, பிழையை மறந்து கதையை வாசித்துக்கொண்டிருப்பார். ஒருநாள் சபை அறிவித்தல் தாள் அடிக்க நான் போயிருந்தபோது டீச்சரும் அங்கே இருந்தார்.

"டீச்சர், மறுகா அந்தப் பொடியன் உம்மாக்கிட்டப் போனானா இல்லியா?"

"அது அவன்ட விசயம் முதலாளி. நீங்க பிழையப் பாருங்க."

"பிழ கிடக்கட்டும். அந்த உம்மா ஒத்தையில கிடக்கிறா. நீங்க பாட்டுக்கு முற்றும் எண்டு போட்டுட்டுப் போறீங்க. ஆக்கள் வந்து என்னட்டத்தானே கேப்பாங்க?"

"கேட்டா, தெரியா எண்டு சொல்லுங்க. எனக்கும் தெரியா."

முதலாளி என்னைப் பார்த்து, "சேர், உங்கட கோயில்ல இவவுக்கு ஒண்டும் சொல்ல மாட்டீங்களா?" என்றார்.

டீச்சரின் வேலை முறை இரண்டு விதத்தில் மற்றவர்களுடையதிலிருந்து மாறுபட்டது. அந்த இரண்டையும் சொன்னால்தான் பிறகு நடந்தது விளங்கும்.

முதலாவது, ஒரு ஆள் தனக்காகக் காத்திருக்கும்போது அவரால் எழுத முடியாது. ஒரு பின்னேரம் சபைக் கடிதம் ஒன்றுக்குக் கையெழுத்து வாங்க அவர் வீட்டுக்குப் போனேன். ஜன்னலருகே தையல் மெஷினின் மேற்பலகையை மூடி, அதை மேசையாக வைத்து எழுதிக்கொண்டிருந்தார். பழைய ஆராதனைத் தாள்களின் வெறும் பின்பக்கத்தில்தான் எழுதுவார். நான் சத்தமில்லாமல் விறாந்தையில் நின்றேன். அவர் நிமிர்ந்து பார்த்தார். எழுதிக்கொண்டிருந்த சொல்லை முடிக்காமலே பேனையை மூடினார்.

"எழுதி முடிங்க டீச்சர். எனக்கு அவசரம் இல்ல. நான் இருக்கிறன்."

"நீங்க இருந்தா எனக்கு எழுத ஏலா சேர். ஒரு ஆள் பாத்துக்கொண்டிருக்க எனக்கு ஒண்டும் வராது."

"அந்தச் சொல்லையாவது முடிச்சிருக்கலாமே."

"தாள் நிக்கும். தாளுக்குக் கால் நோகாது."

தேத்தண்ணி ஊற்ற எழுந்து போனார். இந்த ஒன்றை நான் மறக்கவில்லை. மறந்திருந்தால் நல்லது.

இரண்டாவது, யாரை வைத்து எழுதினாரோ, அந்த ஆளிடம் அந்தத் தாளைக் கொண்டுபோய்க் கொடுப்பார். பெயரை மாற்றியிருப்பார், ஊரை மாற்றியிருப்பார்; ஆனாலும் கொடுப்பார். "இது உங்கட தாள். வாசிச்சுப் பாருங்க. வேணாமெண்டாச் சொல்லுங்க, எடுத்திர்றன்" என்பார். அச்சுக்குப் போகுமுன் இப்படி வீடு வீடாகப் போவார். வேறெந்த எழுத்தாளரும் செய்யமாட்டார். சபைக்குள் இருந்து எழுதுகிறவர் இதைச் செய்யாமல் முடியாது என்பது அவருடைய எண்ணம். "வெளியில இருக்கிற ஆக்கள் எழுதிட்டுப் போவாங்க. நான் ஞாயிற்றுக்கிழமை அதே ஆளுக்குப் பக்கத்தில முழங்கால் போடணும்" என்று ஒருமுறை என்னிடம் சொன்னார்.

நிந்தவூரிலிருந்து சைக்கிளில் பேக்கரிப் பாண் கொண்டுவருகிற ஒருவர் மூன்றாவது புத்தகத்தில் ஒரு பக்கத்துக்கு வருகிறார். அவருக்கு வாசிக்கத் தெரியாது. டீச்சர் கேற்றில் நின்றபடி வாசித்துக் காட்டினார். அவர் கைகட்டிக் கேட்டுவிட்டு யோசித்தார்.

"எல்லாம் சரி டீச்சர். சைக்கிள் பழசு எண்டு போட்டிருக்கீங்க. இது போன வருசம் எடுத்தது."

"சத்தம் போடுதே?"

"சத்தம் போடுறது பெல். சைக்கிள் புதுசு."

புத்தகத்தில் அது புதுச் சைக்கிளாகத்தான் வந்தது.

பாடற்குழுவில் இருந்த ஒரு பெண்ணின் விடயம் அப்படிச் சிரிப்பாகப் போகவில்லை. அவருக்கும் அவர் மைத்துனிக்கும் நடந்த ஒரு சண்டையை டீச்சர் கதையாக்கியிருந்தார். நல்ல கதை. எனக்குத் தெரிந்து அவர் எழுதியதில் மிக நல்லது அதுதான். அந்தப் பெண் வாசித்துவிட்டு அழுதார். எடுத்துவிடச் சொன்னார். டீச்சர் சண்டையை முழுதாக எடுத்துவிட்டார். மிச்சமிருந்த கதையில் இரண்டு பெண்கள் காரணமில்லாமல் பேசாமல் இருந்தார்கள். நான் அச்சில் வாசித்துவிட்டு, கதை கெட்டுப்போய்விட்டதே என்றேன்.

"கதை நொண்டினா நொண்டட்டும் சேர். அந்த மனிசி கோயிலுக்கு வாறது நிண்டிரப்படாது."

"அப்ப எழுதாமலே விட்டிருக்கலாமே."

"எழுதாமலும் இருக்க ஏலா. அதுதானே கரைச்சல்."

இதற்குமேல் அவர் தன் எழுத்தைப் பற்றி யாரிடமும் விளக்கம் சொல்லி நான் கேட்டதில்லை.

இனி நான் என்னைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

சுனாமி வந்து நாலாம் நாள். எங்கள் கோயில் பிரதான வீதிக்கு மேற்கே இருப்பதால் அங்கே தண்ணீர் வரவில்லை. மண்டபம் முழுக்க உடுப்புப் பெட்டிகள் வந்து குவிந்திருந்தன. களஞ்சிய அறையின் சாவி என்னிடம் இருந்தது. நான் ஒரு பட்டியல் எழுதியிருந்தேன். முதலில் எங்கள் சபைக் குடும்பங்கள், பிறகு எங்களிடம் பெயர் பதிந்தவர்கள். என் வீட்டில் யாருக்கும் ஒன்றும் ஆகியிருக்கவில்லை. அதையும் சொல்லிவிட வேண்டும்.

பின்னேரம் ஒரு பெண் வந்தார். நாற்பது வயதிருக்கும். பாண்டிருப்புக் கடற்கரைப் பக்கத்து ஆள். சேலையில் சேறு காய்ந்து விறைத்துப்போயிருந்தது. நெற்றியில் திருநீறு இருந்தது. அந்த நிலையிலும் யாரோ பூசிவிட்டிருக்கிறார்கள் என்று நினைத்தது நினைவிருக்கிறது. மாற்றிக்கொள்ள ஒரு துணி கேட்டார்.

"எந்தச் சபை நீங்க?" என்று கேட்டேன்.

"சபையா? நான் கடக்கரை ஐயா."

"பேர் பதிஞ்ச ஆக்களுக்குத்தான் இண்டைக்கு. ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு வாங்க. பதிஞ்சு தாறம்."

அந்தப் பெண் என் தோளுக்கு மேலால் பெட்டிகளைப் பார்த்தார்.

"ஒரு பழஞ்சீலை எண்டாலும் போதும்."

"ஞாயிற்றுக்கிழமை வாங்க."

அவர் போனார். நான் அறையைப் பூட்டினேன்.

எனக்குப் பின்னால் மண்டபத்தில் டீச்சர் சேலைகளை மடித்து அடுக்கிக்கொண்டிருந்தார். கையிலிருந்ததை மடித்து முடித்து வைத்துவிட்டு வெளியே போனார். ஒரு மணித்தியாலம் கழித்து வந்து, விட்ட இடத்திலிருந்து மடிக்கத் தொடங்கினார். அந்தப் பெண்ணைத் தன் வீட்டுக்குக் கூட்டிப்போய்க் குளிக்க வைத்துத் தன் சேலையொன்றை உடுத்தி அனுப்பினார் என்று அவருடைய பக்கத்து வீட்டுக்காரர் பிறகு சொன்னார். டீச்சர் என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. அந்தப் பெண் ஞாயிற்றுக்கிழமை வரவில்லை.

சில வருடங்கள் போயின. டீச்சர் ஓய்வு பெற்றார். முதல் முறையாகப் பெரிய புத்தகம் ஒன்று எழுதுகிறார் என்று முதலாளி சொன்னார். கடலோரத்து மனிதர்களைப் பற்றியது, அந்த நாட்களைப் பற்றியது. முதலாளி சந்தோசமாக இருந்தார். முன்கூட்டியே பேப்பர் எடுத்து மேல்தட்டில் அடுக்கிவைத்திருந்தார். டீச்சரும் அந்த மாதங்களில் வேறு மாதிரி நடந்தார். யாராவது பின்னால் கூப்பிட்டால் ஒரு கணம் கழித்துத்தான் திரும்புவார்.

நத்தார்ப் பண்டிகைக்கு இரண்டு கிழமை இருக்கும்போது என் வீட்டுக்கு வந்தார். ஒரு கடித உறையை நீட்டினார்.

"இது உங்கட தாள் சேர்."

இரண்டு தாள்கள். ஒரு மண்டபம், பெட்டிகள், சாவி வைத்திருக்கும் ஒரு மனிதன், வாசலில் ஒரு பெண். கேட்ட கேள்வியும் சொன்ன பதிலும் சொல்லுக்குச் சொல் அப்படியே இருந்தன. அவர் என்னைக் கெட்டவனாக எழுதியிருக்கவில்லை. அதுதான் எனக்குத் தாங்க முடியாமல் இருந்தது. இரண்டு முறை வாசித்தேன். அவர் கதிரையின் நுனியில் உட்கார்ந்து குடையைக் கையில் பிடித்தபடி இருந்தார்.

வேண்டாம் என்று ஒரு சொல் சொன்னால் அவர் எடுத்துவிடுவார். எனக்கு அது நன்றாகத் தெரியும். ஆனால் வேண்டாம் என்று சொன்னால் அந்த மனிதன் நான்தான் என்று ஒப்புக்கொண்டதாகிவிடும்.

"நல்லா எழுதியிருக்கிறீங்க" என்றேன். "ஆனா இது ஆரெண்டு எனக்கு விளங்கல்ல."

அவர் தாள்களை என்னிடமிருந்து வாங்கினார்.

"விளங்காட்டி நல்லம்தான். அப்ப இருக்கட்டுமா?"

"இருக்கட்டும்."

தாள்களை உறையில் போட்டுக்கொண்டு எழுந்து போனார்.

எங்கள் சபையில் வருடத்தின் முதல் ஞாயிறு உடன்படிக்கை ஆராதனை. எல்லோரும் எழுந்து நின்று, இந்த வருடம் நான் எனக்குரியவன் அல்ல, எந்த வேலையில் வைத்தாலும் சம்மதம் என்ற கருத்தில் வாக்குக் கொடுப்போம். அந்த ஆராதனை முடிந்ததும் செயலாளர் வருடத்துக்கான வேலைப் பட்டியலை அறிவித்தல் பலகையில் ஒட்டுவார். இந்த ஒழுங்கை ஏற்படுத்தியவன் நான். வாக்குக் கொடுத்த வாய் காயுமுன் பட்டியலைப் பார்க்கிறவர், என் பெயரை எடுங்கள் என்று கேட்க வெட்கப்படுவார். அதுவரைக்கும் இதைக் கெட்டித்தனம் என்று நினைத்திருந்தேன்.

அந்த வருடம் டீச்சரின் பெயரை ஏழு இடத்தில் எழுதினேன்.

ஞாயிறு பாடசாலைத் தலைமை. பெண்கள் ஐக்கியச் செயலாளர். வீடு சந்திப்பு. பலிபீடப் பூ. நத்தார் ஒளிவிழா நாடகம். சபையின் ஆண்டறிக்கை. கடைசியாகச் சபை வரலாறு. எங்கள் கோயில் கட்டிய நாளிலிருந்து நடந்ததையெல்லாம் தேடி எழுத வேண்டும். முன்பு மூன்று பேர் தொடங்கி விட்ட வேலை. டீச்சர் பலகைக்கு முன்னால் நின்று விரலால் தன் பெயரைத் தொட்டுத் தொட்டுக் கீழே வந்தார். நான் வாசலில் நின்றேன்.

"எவ்வளவு நேரம் போகும் சேர்?"

"உங்களுக்கு என்ன டீச்சர், எழுத்து வேல கையோட வாறது."

"ஓம்" என்றார்.

பட்டியல் மட்டுமென்றால் அவர் எப்படியாவது இடையில் எழுதியிருப்பார். பாடசாலைக் காலத்தில் நான்கு புத்தகத்தை அப்படித்தான் எழுதினார். எனக்கு அதுவும் தெரியும். ஆகவே ஆட்களை அனுப்பினேன். எங்கள் ஊரில் ஒருவர் செத்து முப்பத்தோராம் நாளுக்கு நினைவு மலர் அடிக்கும் வழக்கம் உண்டு. வாழ்க்கை வரலாறு எழுதித்தர ஆள் தேடி என்னிடம் வருவார்கள். முன்பு நானே எழுதிக் கொடுப்பேன். இப்போது, "டீச்சரிட்டப் போங்க. அவவைப்போல எழுத ஆர் இருக்கிறாங்க? நிண்டு வாங்கிக்கொண்டு வாங்க" என்று சொல்லத் தொடங்கினேன். நிண்டு வாங்கிக்கொண்டு வாங்க. வேண்டுமென்றே அதைச் சொன்னேன். துக்க வீட்டுக்காரர்கள் போய் விறாந்தையில் காத்திருப்பார்கள். டீச்சர் பேனையை மூடிவிட்டு அவர்களுக்கு எழுதிக் கொடுப்பார். ஒருவர் போனால் இன்னொருவர். பிரியாவிடை வாழ்த்து, பாராட்டு மடல், திணைக்களத்துக்கு மனு. சபையாட்கள் மட்டுமல்ல, காரைதீவிலிருந்தும் வந்தார்கள்.

புதிதாக வந்த போதகருக்கு ஒருநாள் சந்தேகம் வந்தது.

"டீச்சருக்குப் பாரம் கூடிட்டோ சேர்?"

"அவவுக்குத்தானே ஐயா தாலந்து தரப்பட்டிருக்கு" என்றேன். அவர் தலையாட்டினார். நான் சொன்னதில் பிழை பிடிக்க ஒன்றுமில்லை. கொடுத்த வேலைகளில் ஒன்றுகூடக் கெட்ட வேலை இல்லை. எல்லாம் கர்த்தருடைய வேலை.

இப்படி மூன்று வருடம். முதலாளி என்னைச் சந்தையடியில் கண்டு நிறுத்தினார்.

"சேர், டீச்சர்ர பெரிய புத்தகம் எப்ப வரும்? பேப்பர் எடுத்து வெச்சு மூணு மாரி போயிட்டு. கரையான் திண்டுரும்."

"அவவுக்குச் சபை வேல கூட."

"உங்கட கோயில்ல வேற ஆக்கள் இல்லியா?"

நான் வெற்றிலைக்காரரிடம் ஏதோ விலை கேட்டேன்.

நாலாம் வருடம் மாசி மாதம், ஞாயிறு பாடசாலையில் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தவர் கையிலிருந்த வெண்கட்டி விழுவதைப் பார்த்துக்கொண்டு நின்றாராம். குனிந்து எடுக்க முடியவில்லை. பாரிசவாதம். வலது பக்கம். பேச்சு ஒரு மாதத்தில் திரும்பியது. கை திரும்பவில்லை.

மகள் வந்து கூடவே இருந்தாள். நான் கிழமைக்கு ஒருமுறை போவேன். நாலைந்து தரம் போன பிறகு, புத்தகத்தை நீங்கள் சொல்லச் சொல்ல நான் எழுதித் தருகிறேன் என்றேன். அவர் மறுக்கவில்லை. வழக்கம்போல எவ்வளவு நேரம் போகும் என்று கேட்கவுமில்லை. மகள் அட்டைக் கோப்பைக் கொண்டுவந்து தந்தாள். நான் பேனையைத் திறந்து வைத்துக்கொண்டு இருந்தேன். டீச்சர் ஜன்னலைப் பார்த்தார். கண்ணை மூடினார். பத்து நிமிடம் போயிருக்கும்.

"வருகுது இல்ல சேர்."

"அவசரம் இல்ல டீச்சர். யோசிச்சுச் சொல்லுங்க."

"நீங்க காத்துக்கொண்டிருக்கிறீங்களே" என்றார்.

நான் பேனையை மூடினேன். உள்ளே மகள் சட்டி கழுவும் சத்தம் கேட்டது. அப்போதுதான் சொன்னேன்.

"அந்த ரெண்டு தாள்ல இருக்கிறது நான்தான்."

"தெரியும்."

"விளங்கல்ல எண்டு சொன்னது பொய்."

"அதுவும் தெரியும். அண்டைக்கே தெரியும்."

"அதாலதான் உங்கட பேர ஏழு இடத்தில போட்டன். ஆக்கள அனுப்பினன்."

இது அதுவரைக்கும் அவருக்குத் தெரிந்திருக்கவில்லை என்று நினைக்கிறேன். வாய் ஒரு பக்கம் இழுத்திருந்ததால் முகத்தில் எதையும் பார்க்க முடியவில்லை.

"வேணாமெண்டு சொல்லியிருந்தா அந்த ரெண்டு தாளும்தானே போயிருக்கும்" என்றார். "முழுப் புத்தகத்தையும்..." என்று தொடங்கி நிறுத்தினார்.

"நீங்க ஏன் ஒருநாளும் ஏலா எண்டு சொல்லல்ல டீச்சர்?"

"வந்த ஆக்களுக்கு உண்மையாத்தானே ஆள் செத்திருந்தாங்க. நீங்க பொய்யா அனுப்பினாலும் அவங்க பொய்யா வரல்லயே."

"என்னில கோபமா?"

"கோபம்தான்." குரல் உயரவில்லை. "சரியான கோபம். ஞாயிற்றுக்கிழமை அதே கோயில் வாங்கில உங்களோட இருந்து ஜெபிக்கணும். அதுக்கும் கோபம்."

நான் போக எழுந்தேன். அவர் இருக்கச் சொல்லி இடது கையைக் காட்டினார்.

"அண்டைக்கு நீங்க உண்மையாப் பதில் சொல்லல்ல. இப்ப சொல்லுங்க. அந்தத் தாள் இருக்கட்டுமா, வேணாமா?"

முடியாத ஒரு புத்தகம். யாரும் அச்சடிக்கப்போவதில்லை என்று இருவருக்கும் தெரியும். இருந்தாலும் அவர் என்னிடம் கேட்டார், பாண்காரரிடம் கேட்டதைப் போல, பாடற்குழுப் பெண்ணிடம் கேட்டதைப் போல. இருக்கட்டும் என்று சொல்வதற்கு அன்றைக்கு எனக்கு எல்லா வசதியும் இருந்தது. அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"வேணாம் டீச்சர்" என்றேன். "எனக்கும் பிள்ளைகள் இருக்கிறாங்க."

"நல்லம். கோப்புக்குள்ள இருக்கும், பாத்து எடுங்க."

எடுத்தேன். அவரிடம் நீட்டினேன்.

"நீங்களே கிழிங்க சேர். எனக்கு ஒரு கையால ஏலா."

கிழித்தேன். துண்டுகளை என் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். அடுத்த ஞாயிறு கோயிலுக்கு வர ஒரு ஓட்டோ ஒழுங்கு செய்யச் சொன்னார், செய்தேன். அதே வாங்கில் இருந்தோம். அதற்குப் பிறகு ஒன்றரை வருடம் அவர் இருந்தார். அந்தப் பேச்சை இருவரும் மறுபடி எடுக்கவில்லை.

அவர் போன பிறகு மகள் அட்டைக் கோப்பை அச்சகத்துக்குக் கொண்டுபோனாள். முதலாளி மூன்று நாள் வைத்திருந்து வாசித்துவிட்டு, "இத எப்படி, மகள், அடிக்கிற? மறுகா என்ன நடந்த எண்டு ஆக்கள் கேட்டா நான் என்னத்தச் சொல்லுற?" என்று திருப்பிக் கொடுத்தார். கொடுக்கும்போது அழுதார் என்று மகள் சொன்னாள். முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்கு வாழ்க்கை வரலாறு எழுதும் வேலை என்னிடம் வந்தது. எழுதினேன். தன் எழுத்தைவிடச் சபையையே மேலாக நேசித்தவர் என்று அதில் ஒரு வரி உண்டு. எல்லோரும் நன்றாயிருக்கிறது என்றார்கள். அந்த வரி பொய். அவர் இரண்டையும் ஒன்றாகத்தான் வைத்திருந்தார். அதில் ஒன்றைப் பிடித்து மற்றதன் தலையை அமுக்கியவன் நான்.

இப்போது எனக்கு எண்பத்திரண்டு வயது. என் பிள்ளைகளும் இதை வாசிப்பார்கள். களஞ்சிய அறையடியில் நடந்த அந்தப் பின்னேரத்தை மேலே என் சொல்லில் எழுதியிருக்கிறேன். டீச்சரின் தாள்களில் அது வேறு மாதிரி இருந்தது. அங்கே சாவி வைத்திருந்த மனிதன் மூன்று இரவு கண்மூடாதவன். பிணம் தூக்கிக் களைத்தவன். அந்தப் பெண் போன பிறகு அறையைப் பூட்டும்போது அவன் கை நடுங்கிச் சாவி இரண்டு முறை தவறுகிறது. அந்த நடுக்கத்தை அவர் தன் கையால் எனக்குக் கொடுத்திருந்தார்.

அந்த மூன்று இரவும் நான் என் வீட்டில் தூங்கினேன். பிணம் ஒன்றும் தூக்கவில்லை. சாவி முதல் முறையிலேயே பூட்டில் போனது.